பயனாளிகளா நாம்?

பொதுக்கொள்கைப் படிப்பில் அடிக்கடி வரும் சொல் 'பயனாளி'. நான் அதை இளங்கலையில் படித்தது ஒரு சிறிய தனியார் பல்கலைக்கழகத்தில். நூறுநாள் வேலை, ரேஷன், சத்துணவு, போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை என்று பாடம் நடக்கும். திண்டிவனம் பக்கத்துச் சேரியிலிருந்து போன எனக்கு இந்த நான்கும் வீட்டில் புழங்கியவை. உடன் படித்தவர்களில் பெரும்பாலோருக்கு அவை தேர்வுக்கான புள்ளிவிவரம்.

இதில் என் சொந்த வருத்தத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தியாவில் இளங்கலை அளவில் இந்தப் படிப்பு பெரும்பாலும் தனியார் பல்கலைக்கழகங்களில்தான் கிடைக்கிறது. கட்டணம் லட்சங்களில். படித்து முடிப்பவர்கள் ஆய்வு மையங்களுக்கும் ஆலோசனை நிறுவனங்களுக்கும் போகிறார்கள். அங்கிருந்து அரசுத் துறைகளுக்கு வரைவு எழுதித் தருகிறார்கள். யாருக்காக எழுதுகிறார்களோ அவர்களின் பிள்ளைகள் அந்த மேசையில் இல்லை.

கொள்கையில் ஒரு வரி என்ன செய்யும்? 2018-இல் ஒன்றிய அரசின் போஸ்ட் மெட்ரிக் நெறிமுறையில், நிர்வாக ஒதுக்கீட்டில் சேரும் பட்டியல் சாதி மாணவர்களுக்கு உதவித்தொகை கிடையாது என்று ஒரு வரி வந்தது. அதை நம்பித் தனியார் கல்லூரிக்குப் போக நினைத்த பிள்ளைகளுக்குக் கதவு சாத்தப்பட்டது.

நாம் கொள்கையை வாங்கிக்கொள்ள மட்டுமே பிறந்தவர்களா? காட்டுமன்னார்கோயில் பகுதியைச் சேர்ந்த எல். இளையபெருமாள் தலைமையிலான குழு, தீண்டாமை குறித்து 1969-இல் ஒன்றிய அரசுக்கு அறிக்கை தந்தது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கச் சொன்ன அறிக்கை அது. 1970-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டத்துக்கு அதுவும் ஓர் அடிப்படை. விழுப்புரமும் திண்டிவனமும் அன்று இருந்த அதே தென்னார்க்காடு மாவட்டத்துக்காரர் அவர். மூன்றாண்டுப் படிப்பில் அவர் பெயரை நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

தனியார் உயர்கல்வியில் இடஒதுக்கீட்டுக்கு வழிசெய்யும் 15(5) பிரிவு, 2005-இல் நிறைவேறிய 93-ஆவது திருத்தத்தால் வந்தது. 2014-இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. இதற்கான சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும் என்று 2025-இல் நாடாளுமன்ற நிலைக்குழுவும் பரிந்துரைத்தது. இத்தனைக்குப் பிறகும் ஒன்றிய அரசு காத்திருப்பது எதற்காக?

மாநில அரசையும் கேட்க வேண்டியிருக்கிறது. விழுப்புரத்துக்கென 2021-இல் உருவான மாநிலப் பல்கலைக்கழகம் அதே ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. 2025 அக்டோபரில், தனியார் பல்கலைக்கழகம் தொடங்கத் தேவையான நிலத்தின் அளவைக் குறைக்கும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. கடும் எதிர்ப்பு வந்த பிறகே அரசு பின்வாங்கியது. அரசுப் பல்கலைக்கழகம் சுருங்கி, தனியார் பெருகினால், இடஒதுக்கீடு எங்கே போய் நிற்கும்?

நம் கோரிக்கைகள் இரண்டு. 15(5)-க்கான சட்டம் உடனே வேண்டும். விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலும் திண்டிவனம் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியிலும் பொதுக்கொள்கை இளங்கலைப் பாடமாக வேண்டும். அதில் இளையபெருமாள் அறிக்கை முதல் பாடமாகட்டும்.

2023-இல் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் நுழையத் தடை எழுந்தபோது, அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். அதுவும் அரசின் ஒரு கொள்கை முடிவுதான். அந்த முடிவை அலசி ஆய்வேடு எழுதும் உரிமை, மேல்பாதிச் சேரியின் பிள்ளைக்கு முதலில் கிடைக்கட்டும்.