கட்டுரையில் நீங்கள் யார் பக்கம்?

யூ.பி.எஸ்.சி. மெயின்ஸ் கட்டுரைத் தாளில் 3 மணி நேரம், 2 கட்டுரை, 250 மதிப்பெண். தமிழிலும் எழுதலாம். ஆனால் பலர் முதல் பத்தியிலேயே 'இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு' என்று நழுவிவிடுகிறார்கள். அப்புறம் எதுக்கு ஆயிரம் வார்த்தை? பட்டிமன்ற நடுவர்கூட கடைசியில் ஒரு தீர்ப்பு சொல்லிவிடுவார்!

வாதக் கட்டுரைக்கு உயிர், அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்லும் அந்த ஒரு வரிதான். 2021-ல் தமிழகத்தில் தொடங்கிய மகளிர் கட்டணமில்லா பேருந்துப் பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'இது பெண்களுக்குப் பயனுள்ள திட்டம்' என்று எழுதினால் யார் மறுக்கப்போகிறார்கள்? மறுக்க ஆளில்லாத இடத்தில் வாதத்துக்கு வேலையில்லை.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: 'வீட்டில் யாரிடமும் காசு கேட்காமல் தூரத்து வேலைக்குப் போக முடிவதுதான் இத்திட்டத்தின் பெரிய பலன், எனவே இதை வெறும் இலவசம் என்று ஒதுக்குவது தவறு.' உடனே எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும்: 'சரி, போக்குவரத்துக் கழகங்களின் நஷ்டத்தை யார் சுமப்பது?' இதற்குப் பதில் சொல்லும்போதே பாதிக் கட்டுரை வந்துவிடும்.

இந்த வரி முதல் முயற்சியிலேயே சிக்காது. 'ஏனென்றால்' சேர்த்து, ரெண்டு மூணு தடவை அடித்துத் திருத்த வேண்டியிருக்கும். 3 மணி நேரத்தில் 10 நிமிடம் அதற்கே போனாலும் பரவாயில்லை.