ரெஜிஸ்டரும் ஏரோப்ளேனும்

ஆபீஸில் ரெஜிஸ்டர் எழுதுகிறவருக்கு என்றைக்கு ஸார் மரியாதை இருந்திருக்கிறது? நம்பர், தேதி, யார் கொடுத்தது, யார் வாங்கியது என்று கட்டம் கட்டமாக அவர் நிரப்பிக்கொண்டிருக்க, 'ஏம்ப்பா, இதெல்லாம் எவன் படிக்கப்போறான்?' என்று பக்கத்து சீட் கிண்டல் பண்ணும். அப்படிப்பட்ட ஒரு ரெஜிஸ்டரை நிஜமாகவே ஒருத்தர் எடுத்துப் படித்ததால் ஒரு ஏரோப்ளேன் பிழைத்தது. அதற்கு முன் டைட்டானியம் என்கிற உலோகத்தை அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

எஃகின் பலம்; எடை மட்டும் அதில் அறுபது சதவீதத்துக்குள். அலுமினியத்தைவிடக் கனம்தான். ஆனால் அலுமினியம் சூட்டில் துவண்டுபோகிற இடத்தில் இது நிமிர்ந்து நிற்கும். 100-க்கு 6 பங்கு அலுமினியம், 4 பங்கு வனேடியம் சேர்த்த கலவைதான் விமானக்காரர்களின் செல்லப்பிள்ளை. ஜெட் எஞ்சின் விசிறி, லேண்டிங் கியர் என்று உயிர்நாடியான இடங்களில் எல்லாம் இது உண்டு. போயிங் 787-ன் எடையில் சுமார் 15 சதவீதம் டைட்டானியம். காரணம், அதன் உடம்பு கார்பன் ஃபைபர். கார்பனோடு சேர்த்தால் அலுமினியம் அரித்துப்போகும். டைட்டானியம் சண்டை போடாமல் குடும்பம் நடத்தும்.

ஆனால், மாப்பிள்ளை முறுக்கு நிறைய உண்டு.

1960-களில் கலிபோர்னியாவின் பர்பாங்க் நகரில் லாக்ஹீட் கம்பெனியின் கெல்லி ஜான்சன் ஓர் உளவு விமானம் கட்டினார். எஸ்.ஆர்.71, செல்லப்பெயர் 'பிளாக்பேர்ட்'. ஒலியைப்போல் மூன்று மடங்கு வேகம். அந்த வேகத்தில் காற்று உரசியே விமானத்தின் தோல் பல இடங்களில் 250 டிகிரியைத் தாண்டும். அதனால் கிட்டத்தட்ட முழு விமானமும் டைட்டானியம். அவ்வளவு டைட்டானியத்துக்கு எங்கே போவது? சோவியத் யூனியனிடம்தான் தாராளமாக இருந்தது. அமெரிக்கர்கள் பினாமி கம்பெனிகள் வைத்துச் சத்தமில்லாமல் அங்கேயே வாங்கினார்கள். எதிர்வீட்டு ஏணியைக் கடன் வாங்கி எதிர்வீட்டு ஜன்னலையே எட்டிப் பார்க்கிற சாமர்த்தியம்!

உலோகம் வந்தது, கூடவே தலைவலியும். காட்மியம் பூசிய ஸ்பேனரால் முறுக்கினால், அப்புறம் சூடேறும்போது போல்ட் தலை கழன்று விழுந்தது. இதைக்கூடக் கண்டுபிடித்து டூல் பாக்ஸில் இருந்த காட்மியத்தை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டார்கள். பிடிபடாமல் படுத்தியது வெல்டிங்தான். சில தகடுகளில் வெல்டிங் சீக்கிரமே விட்டுப்போனது. சிலவற்றில் கல் மாதிரி நின்றது. அதே ஆட்கள், அதே மெஷின், அதே தகடு.

இங்கேதான் நம்ம ரெஜிஸ்டர் வருகிறது. ஒவ்வொரு பாகமும் எந்த வார்ப்பில் பிறந்தது, எப்போது என்ன செய்யப்பட்டது என்று ஜான்சனின் ஆட்கள் குறித்து வைத்திருந்தார்கள். புரட்டிப் பார்த்தால், விட்டுப்போனவை எல்லாம் வெயில் காலத்தில் செய்தவை. நின்றவை குளிர் காலத்தில் செய்தவை! வெயிலுக்கும் வெல்டிங்குக்கும் என்ன சம்பந்தம்? தண்ணீர். கோடையில் பாசி பிடிக்காமலிருக்க நகரசபை குழாய்த் தண்ணீரில் குளோரினை அள்ளிப் போடுவார்கள். அந்தத் தண்ணீரில்தான் தகடுகளைக் கழுவினார்கள். டைட்டானியத்துக்குக் குளோரின் ஆகாது. காய்ச்சி வடித்த நீருக்கு மாறினார்கள், தீர்ந்தது. தேதி என்கிற கட்டம் காலியாக இருந்திருந்தால் வெல்டர் பாவம், திட்டு வாங்கிக்கொண்டே இருந்திருப்பார்.

இன்னொரு கதைக்குச் சிரிப்பு வராது.

1989 ஜூலை 19. யுனைடெட் 232, டி.சி.10 விமானம், டென்வரிலிருந்து சிகாகோ போகிறது. வாலில் இருந்த எஞ்சினின் டைட்டானிய விசிறி டிஸ்க் நடுவானில் வெடித்துச் சிதறியது. மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் காலி. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸும் சகாக்களும் மீதி இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே விமானத்தைத் திருப்பி, சூ சிட்டியில் இறக்கினார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். 112 பேர் இறந்தார்கள்.

உடைந்த டிஸ்க் மூன்று மாதம் கழித்து ஒரு சோளக்கொல்லையில் கிடைத்தது. 1971-ல் உலோகத்தை உருக்கியபோதே நைட்ரஜன் சேர்ந்து இறுகிப்போன ஒரு துளி உள்ளே தங்கிவிட்டது. அங்கே ஆரம்பித்த விரிசல் வருஷக்கணக்காக வளர்ந்திருக்கிறது. பரிசோதனைகளில் கண்ணில் படவில்லை. விசாரணை அதிகாரிகள் பழைய ரெக்கார்டைப் புரட்டினால், ஒரே சீரியல் நம்பரில் இரண்டு டிஸ்க்! எது எந்த உருக்கலில் பிறந்தது என்று காகிதத்தை நம்பி அடித்துச் சொல்ல முடியவில்லை. இது வெறும் கணக்குப் பிரச்னை இல்லை ஸார். அதன் கூடப்பிறந்த டிஸ்க்குகள் வேறு விமானங்களில் பறந்துகொண்டிருந்தால் எதை நிறுத்துவது?

இத்தனைக்கும் அப்புறம், 2024 ஜூனில் ஒரு செய்தி. போயிங், ஏர்பஸ் விமானங்களுக்குப் போன டைட்டானியத்தில் கொஞ்சம் போலி சர்ட்டிபிகேட்டோடு வந்திருக்கிறது என்று விசாரணை. உலோகம் டெஸ்ட்டில் தேறியதாகக் கம்பெனிகள் சொல்லின. இருந்தும் அத்தனை கலவரம். ஏனென்றால், நல்ல டைட்டானியமும் கெட்ட டைட்டானியமும் பார்வைக்கு ஒரே பளபளப்பு. வித்தியாசம் சொல்வது கூட வருகிற காகிதம்தான்.

ஆகவே, சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், 'நாளைக்குப் பாத்துக்கலாம்' என்று தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள்.