வாக்குச்சீட்டில் இடம்பெறாத வடிகால்

தஞ்சைத் தரணியைப் பற்றி எழுதப் புகுவோர் காவிரியிலிருந்து தொடங்குவது மரபு. நாம் வடிகாலிலிருந்து தொடங்குகிறோம். ஆற்றுநீர் வயலுக்கு வரும் வழி வாய்க்கால். மிகுநீர் வயலை விட்டு வெளியேறும் வழி வடிகால். முன்னதற்குப் பாடல்கள் உண்டு; வழக்குகள் உண்டு; 2007-இல் நடுவர் மன்றத்தின் தீர்ப்பும் 2018-இல் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பும் உண்டு. பின்னதற்கு அத்தகைய பெருமை ஏதுமில்லை. ஆயினும் அண்மை ஆண்டுகளில் டெல்டா உழவரை அழவைத்ததில், வராத நீரின் பங்கிற்குச் சற்றும் குறைந்ததன்று வந்து வடியாத நீரின் பங்கு.

கணக்கை எடுத்துப் பாருங்கள். 2022-இல் மேட்டூர் அணை, வழக்கமான ஜூன் 12-க்கும் முன்பாக, மே 24 அன்றே திறந்தது. 2023-இல் உரிய நாளில் திறந்து அக்டோபர் 10 அன்று மூடியது. இடையில் குறுவை கருகியது. 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. 2025-இல் உரிய நாளில் நீர் வந்தது, குறுவையும் விளைந்தது. ஆனால் அக்டோபர் மழையில், கொள்முதல் நிலைய வாசலில் குவித்த நெல் முளைவிட்டது. நவம்பர் இறுதியில் டிட்வா புயலின் மழையில் சம்பாவும் தாளடியும் நீருக்குள் நின்றன.

இவை அனைத்திற்கும் புவி வெப்பமே காரணம் என்று நாம் சாதிக்க வரவில்லை. 2023-இல் கர்நாடகத்தின் கணக்கும் இருந்தது. 2025-இல் சாக்கும் லாரியும் உரிய நேரத்தில் வராத கதையும் இருந்தது. ஆனால் காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பதும், தாங்கியதைப் பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் என்பதும் இயற்பியல். அறிஞர் இதனைப் பருவநிலை மாற்றம் என்பர். கடைமடைக்காரர் 'காலம் கெட்டுப்போச்சு' என்பர். இருவரும் சொல்வது ஒன்றே.

எனில், இந்த மண்ணின் உள்ளாட்சித் தேர்தல்களில் இச்சொல் ஏன் ஒருமுறையும் ஒலிக்கவில்லை? 2019 டிசம்பர் 27, 30 நாள்களில் தஞ்சை மாவட்டத்தின் ஊராட்சிகள் வாக்களித்தன. 2022 பிப்ரவரி 19 அன்று மாநகராட்சிகளும் நகராட்சிகளும் பேரூராட்சிகளும் வாக்களித்தன. பூட்டு சாவிக்கும் கை உருளைக்கும் வாக்குக் கேட்டுத் தெருத்தெருவாக வந்தனர். தெருவிளக்கு, குடிநீர், சிமெண்ட் சாலை, சாதிக்கணக்கு, கடைசி இரவின் கவர்: இவற்றுக்கு அப்பால் நாம் ஒன்றும் கேட்டறியோம். கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் பதின்மூன்று மாதங்களே ஆகியிருந்தன. அடுத்த புயலுக்கு எந்தப் பள்ளிக்கூடத்தின் கூரை தாங்கும் என்று கேட்டு ஒருவரும் வாக்களித்ததாகத் தெரியவில்லை.

இதற்கு வாக்காளரின் அறியாமையே காரணம் என்பர் நகரத்து நண்பர்கள். நாம் அதை மறுக்கிறோம். நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் மக்கள் வாரக்கணக்கில் அமர்ந்து போராடியது 2017-இல். அறியாதவர்களா அவர்கள்? அறிந்திருந்தனர், ஆனால் அந்நாளில் அவர்களுக்கு உள்ளூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. பழங்குடியினர் இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில், 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலை உயர் நீதிமன்றம் நிறுத்தியது. ஊராட்சிகள் மூன்றாண்டுகளுக்கு மேலும், நகரங்கள் ஐந்தாண்டுகளுக்கு மேலும் தனி அலுவலர்களின் கையில் இருந்தன. நெடுவாசலும் கதிராமங்கலமும் கஜாவும் நிகழ்ந்தது அந்த வெற்றிடத்தில்தான்.

பாடம் கற்றோமா? 2019-இல் தேர்வான ஊராட்சி மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. காலம் முடியுமுன் தேர்தலை நடத்தி முடிக்கவேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் கட்டளை. நடத்தவில்லை; மீண்டும் தனி அலுவலர்கள் வந்தனர். அதே ஆண்டின் அக்டோபரில்தான் நெல் முளைத்தது. நவம்பரில்தான் டிட்வா வந்தது. பேரிடர் வரும்போதெல்லாம் ஊராட்சித் தலைவரின் நாற்காலி காலியாக இருப்பதைத் தற்செயல் என்று எத்தனை முறை சொல்லிக்கொள்வது?

'அலுவலர்கள் இருந்தபோதும் நல்லவை நடந்தனவே' என்று ஒரு நண்பர் எம்மிடம் வாதிட்டார். நேர்மையான வாதம், நேர்மையாகவே எதிர்கொள்வோம். தஞ்சையில் சிவகங்கைக் குளத்திலிருந்து அய்யன்குளத்திற்கு நிலத்தடியில் நீர் செல்லும் பழைய வழி, மாநகராட்சியில் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத ஆண்டுகளில்தான் மீட்கப்பட்டது. தேர்ந்தெடுத்த தலைவர்கள் காலத்தில் குளங்கள் தூர்ந்து கட்டடங்களானதையும் தமிழகம் முழுவதும் காண்கிறோம். வாக்குப் பெற்றவர் யாவரும் நல்லவர் என்பதன்று எம் கட்சி. நல்ல அலுவலர் மாற்றலாகிப் போவார். தீயவரும் மாற்றலாகிப் போவார். இருவரிடமும் நாம் கணக்குக் கேட்க முடியாது. தலைவரோ அதே ஊரில் இருப்பார், அதே டீக்கடைக்கு வருவார், ஐந்தாண்டில் மீண்டும் நம் வாசலில் நிற்பார். அந்த நிற்றலுக்குத்தான் நாம் விலை பேசவேண்டும். பணத்தில் அன்று, வடிகாலில்.

'உலகம் சூடாவதை ஓர் ஊராட்சி தடுக்குமா?' என்பது அடுத்த ஏளனம். தடுக்காது, நிலக்கரியின் கணக்கு வேறிடத்தில் தீர்க்கப்படவேண்டியது. ஆனால் பெய்த மழை எங்கே போகவேண்டும் என்பது ஊர்க்காரியம். அரசமைப்பின் பதினொன்றாம் அட்டவணை ஊராட்சிகளுக்கென எண்ணிய 29 பொருள்களில் சிறுபாசனமும் நீர் மேலாண்மையும் உண்டு. பன்னிரண்டாம் அட்டவணை நகரங்களுக்கு எண்ணிய 18-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு உண்டு. சட்டம் பெயரைக் கொடுத்தது; அதிகாரத்தையும் பணத்தையும் மாநிலம் தன் மடியிலேயே வைத்துக்கொண்டது. தமிழ்நாட்டின் காலநிலை மாற்ற இயக்கத்திலும் மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியரிடம். ஆட்சியர் திறமையானவராக இருக்கலாம். அவர் நம்மிடம் வாக்குக் கேட்டு வருபவர் அல்லர்.

இனி நம்மிடம் வருவோம். இலக்கிய இதழ் படிப்போராகிய நம்மிடம். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லிச் சொல்லி நாம் பெருமைப்படுகிறோம். குடவோலையைச் சொல்கிறோம், அந்த ஓலையால் அமைந்தவற்றுள் ஏரி வாரியம் ஒன்று என்பதை விரைந்து கடந்துவிடுகிறோம். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தகுதி பெறார் என்று அக்கல்வெட்டு விதித்ததையும் கடந்துவிடுகிறோம். நிலமற்றோரையும் பெண்களையும் அது புறத்தே நிறுத்தியது. அந்த இழிவு நமக்கு வேண்டாம். இன்று உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு உரியது. நடவு வயலில் முழங்காலளவு நீரில் நிற்பவர் அவர்களே. பத்தாம் நூற்றாண்டில் நீருக்கென்று ஆள் தேர்ந்தெடுக்கத் தெரிந்த தமிழகம், இன்று சாலைக்கு மட்டும் ஆள் தேர்ந்தெடுக்கிறது என்பதே நாம் சொல்ல வருவது. காவிரிக்கு இரங்கற்பா எழுதும் எம்மைப் போன்றோரில் எத்தனை பேருக்குத் தம் வார்டு உறுப்பினரின் பெயர் தெரியும்? எமக்குத் தெரியாமல்தான் நெடுங்காலம் இருந்தது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

ஆகவே, அடுத்து வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவரிடம், எந்தச் சின்னத்தவராயினும், மூன்றே கேள்விகள் கேட்போம். ஊரின் வடிகால்கள் எவை, அவற்றில் எவை ஆக்கிரமிப்பிலும் ஆகாயத்தாமரையிலும் அடைபட்டுள்ளன என்ற பட்டியல் உம்மிடம் உண்டா? மழையில் நெல் நனையாதிருக்க மேடான களத்தையும் கூரையையும் எந்த இடத்தில் அமைக்கத் தீர்மானம் கொண்டுவருவீர்? புயல் இரவில் குடிசைவாசிகள் எந்தக் கட்டடத்திற்குப் போகவேண்டும், அதன் சாவி யாரிடம் இருக்கும்?

இவற்றில் 'பருவநிலை' என்ற சொல் இல்லை. தேவையும் இல்லை. விடை தெரியாதவர் சிமெண்ட் சாலை போட்டுத் தருவதாகச் சொல்வார். அந்தச் சாலை வடிகாலின் மேல் போடப்படுவதா என்று நான்காவதாக ஒரு கேள்வி கேட்டுவிட்டு, அதன்பிறகு வாக்கைப் பற்றி யோசிப்போம்.