கதவை மூடினோம், கூட்டத்தைக் காத்தோமா?



சங்கத்தின் பத்திரிகையில் சர்ச் விவகாரம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நமது சங்கத்தில் கோயிலுக்குப் போகிறவரும் உண்டு, மசூதிக்குப் போகிறவரும் உண்டு, எதற்கும் போகாதவரும் உண்டு. சந்தா எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் சித்தூருக்கும் திருப்பதிக்கும் பிழைக்க வந்த கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பங்களுக்கு, வாரத்தில் ஒரு நாள் நாலு பேரோடு உட்கார்ந்து தமிழில் பேசக் கிடைக்கும் இடம் சர்ச் வாசல்தான் என்பதை நாம் அறிவோம். எந்த ஜூஸ் ஃபாக்டரியில் ஆள் எடுக்கிறார்கள், எந்த மேஸ்திரி கூலி பாக்கி வைத்திருக்கிறான், யார் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள், யார் வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்கள் என்ற சேதியெல்லாம் ஆராதனை முடிந்து வெளியே நிற்கும் அந்த அரைமணி நேரத்தில்தான் கைமாறுகிறது. 2020 மார்ச்சில் ஆலயக் கதவு மூடியபோது அந்த வாசலும் சேர்ந்தே மூடியது. எனவே இது தொழிலாளர் பிரச்சினை, சங்கத்தின் பிரச்சினை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதவை மூடியது சரி. கதவு மூடிய பிறகும் கூட்டம் கலையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று நாம் யோசித்து வைத்திருக்கவில்லை, அதுதான் தவறு. இன்னொரு கொள்ளைநோய் வராது என்று எந்த வைத்தியரும் உறுதி சொல்லமாட்டார். ஆகவே இந்தக் கணக்கை இப்போதே பார்த்துத் தீர்க்க வேண்டும்.

மூடியது சரியா?

மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு. 24ஆம் தேதி இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நாலு மணி நேர அவகாசத்தில் நாடு முழுவதும் அடைக்கப்பட்டது. ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு, 10ஆம் தேதி பெரிய வெள்ளி, 12ஆம் தேதி ஈஸ்டர். மூன்றுக்கும் ஆலயம் பூட்டியே கிடந்தது.

நம்மவர் சிலர் அப்போது குமுறினார்கள். "சாராயக்கடையைத் திறப்பான், சாமி கும்பிட மட்டும் விடமாட்டான்" என்றார்கள். சாராயக்கடையைத் திறந்தது பற்றிய கோபம் எனக்கும் உண்டு. ஆனால் இது நம் மதத்தின் மேல் வைத்த குறி என்று சொன்னால் அது பொய். நம் தலைக்கு மேலே இருக்கும் திருமலையில் மார்ச் 20ஆம் தேதியே பக்தர்களுக்குத் தரிசனம் நிறுத்தப்பட்டுவிட்டது. ஜூன் 11 வரை வெளியூர் பக்தர் ஒருவர் படியேறவில்லை. மலை மூடியதும் கீழே திருப்பதியில் லாட்ஜ் பையன், டீ மாஸ்டர், பூக்கட்டுகிற பெண், டாக்ஸி டிரைவர் எல்லோருக்கும் அடுப்பு அணைந்தது. எந்தச் சாமியின் பேரில் பிழைத்தாலும் பட்டினி ஒன்றுதான்.

நோய் எப்படிப் பரவிற்று என்பதற்கு நம் கண்முன்னே சாட்சி இருக்கிறது. யாழ்ப்பாணம் அரியாலையில் 2020 மார்ச் 15 அன்று ஒரு ஜெபக்கூட்டம். சுவிட்சர்லாந்திலிருந்து வந்திருந்த தமிழ்ப் போதகர் ஒருவர் நடத்தினார். அவர் திரும்பிப் போன பிறகு அவருக்குக் கொரோனா என்று தெரிந்தது. கூட்டத்துக்குப் போனவர்கள் தனிமைப்படுத்தப்பட்டார்கள். அவர்களில் சிலருக்கும் நோய் கண்டது. அதே மாதம் 10ஆம் தேதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு பாட்டுப் பயிற்சிக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். நோய் கண்டது 53 பேருக்கு. இரண்டு பேர் இறந்தார்கள். கூடிப் பாடியது ஒன்றே அவர்கள் செய்தது. ஓராண்டு கழிந்து, எல்லாம் தெரிந்த பிறகும், 2021 ஏப்ரலில் கேரளத்தின் மூணாறில் தென் கேரளத் திருமண்டலத்தின் குருமார் கூட்டம் நடந்தது. பலர் நோயில் விழுந்தார்கள், குருமார் சிலர் இறந்தே போனார்கள். விசுவாசம் இருந்தால் நோய் அண்டாது என்று பிரசங்கித்து, அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம் போட்டவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

ஒன்றை மறக்கக் கூடாது. அதே மார்ச்சில் தில்லி நிஜாமுதீனில் கூடிய முஸ்லிம்களிடையே தொற்று கண்டதும், ஒரு மதத்தாரையே நோய் என்று ஏசினார்கள். நம் ஊரிலும் காய்கறி வண்டிக்காரரைப் பேர் கேட்டு விரட்டியவர்கள் உண்டு. நம் சபையார் சிலரும் அதை நம்பினார்கள். அரியாலைக் கூட்டத்தை நினைத்துப் பார்த்திருந்தால் வாய் திறந்திருக்கமாட்டார்கள்.

செல்போனில் வந்த ஆராதனை

ஈஸ்டருக்குள் பல சபைகளில் ஆராதனை செல்போனுக்குள் வந்துவிட்டது. எங்கள் சபையிலும் வந்தது. இதை முழுவதும் குறை சொல்ல மாட்டேன். ஞாயிறும் வேலைக்குப் போகிற வாட்ச்மேன் ராத்திரியில் கேட்டார். குவைத்தில் வீட்டுவேலை செய்யும் மகளும் சித்தூரில் இருக்கும் தாயும் ஒரே நேரத்தில் ஒரே பிரசங்கம் கேட்டார்கள். படுக்கையில் கிடந்த பெரியவர்கள் பல ஆண்டுக்குப் பிறகு ஆராதனை பார்த்தார்கள். இதெல்லாம் நன்மைதான்.

ஆனால் கல் உடைக்கிறவன் கையில் இருந்தது பட்டன் போன். பெரிய போன் இருந்த வீட்டில் அது ஒன்றே ஒன்று. பிள்ளைகளின் பாடமும் அதிலேதான், வேலைக்குக் கூப்பிடும் மேஸ்திரியின் அழைப்பும் அதிலேதான். ரீசார்ஜ் செய்யக் காசு இல்லாத வாரம் ஆராதனையும் இல்லை. ஆனால் காணிக்கை அனுப்ப வேண்டிய நம்பர் மட்டும் தவறாமல் வந்தது! எங்கள் தெருவில் தனியாக இருக்கும் அக்கா ஒருவர் சொன்னார்: "பாட்டு கேக்குது தம்பி, பக்கத்துல ஆளு இல்லியே."

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஆலயத்தில் காலையில் தெலுங்கு ஆராதனை, அதற்குப் பிறகு தமிழ் ஆராதனை. செல்போனில் போடும்போது "இரண்டு எதற்கு, ஒன்றே போதும்" என்று முடிவு செய்தார்கள். எது போயிற்று? தமிழ்தான். தெலுங்குச் சகோதரர்கள் மேல் எனக்குப் பகை கிடையாது. அவர்களில் பலர் கஷ்டகாலத்தில் எங்களுக்குக் கூடப்பிறந்தவராக நின்றார்கள். ஆனால் சித்தூரில் தமிழ் விருந்தாளியா? 1911இல் சித்தூர் மாவட்டம் உண்டாவதற்கு முன்பு இந்த ஊர் வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரம். ஆற்காடு மிஷன் காலத்திலிருந்தே இங்கே இரண்டு மொழியிலும் ஜெபம் நடந்திருக்கிறது. நெருக்கடி என்று வந்ததும் முதலில் வெட்டப்படுவது சிறுபான்மையின் மொழி என்றால், நெருக்கடி தீர்ந்த பிறகு அது தானாகத் திரும்பி வராது. நாங்கள் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்த பிறகுதான் தமிழ் ஆராதனை திரும்பியது.

சுவரும் ரேஷன் கார்டும்

2020 ஏப்ரல் கடைசி வாரத்தில் வேலூர் மாவட்ட நிர்வாகம் ஆந்திர எல்லையில் என்ன செய்தது என்பதை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். குடியாத்தம் பக்கம் சைனகுண்டாவிலும் பொன்னைப் பக்கமும் சாலைக்குக் குறுக்கே ஹாலோ பிளாக் வைத்துச் சுவர் எழுப்பினார்கள்! எதிர்ப்புக் கிளம்பியதும் ஓரிரு நாளில் இடித்தார்கள். சித்தூர்த் தமிழனுக்குப் பெரியாஸ்பத்திரி என்றால் வேலூர். அம்மா வேலூரில், பிள்ளை சித்தூரில் என்று எத்தனை குடும்பம்! வைரஸ் சுவர் ஏறிக் குதிக்குமா என்று கேலி பேசினோம். ஆனால் அதைவிட உயரமான சுவர் ஒன்று காகிதத்தில் இருந்தது.

தமிழ்நாடு அரசு அரிசி கார்டுக்கு 1000 ரூபாயும் இலவசப் பொருளும் கொடுத்தது. ஆந்திர அரசும் ஏழைக் குடும்பங்களுக்கு 1000 ரூபாய் கொடுத்தது. கார்டு திருவண்ணாமலையில், ஆள் சித்தூரில் என்று இருந்தவனுக்கு? அங்கே வாங்கப் போக முடியாது. இங்கே வாங்கக் கார்டு கிடையாது. எந்த மாநிலத்துக் கார்டானாலும் எங்கேயும் அரிசி வாங்கலாம் என்ற திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தது 2020 அக்டோபரில். பசித்தது ஏப்ரலில்!

அந்த ஏப்ரலில் நம்மைக் காப்பாற்றியது பழைய வழக்கம் ஒன்று: பிடி அரிசி. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்து ஆலயத்துக்குக் கொண்டுவரும் வழக்கத்தை நம் பாட்டிமார் அறிவார்கள். எங்கள் சபைப் பெண்கள் அதைத் திரும்ப எடுத்தார்கள். ஆலயம் மூடியிருந்ததால் தெருவுக்கு ஒரு வீடு என்று வைத்துக்கொண்டார்கள். அரிசி அந்த வீட்டில் சேர்ந்தது. அங்கிருந்தே இல்லாத வீட்டுக்குப் போனது. வாங்கியவர் எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்று கேட்கவில்லை. ஊரடங்கு தளர்ந்ததும் அதே வீட்டு வாசலில் ஐந்தாறு பேர் தள்ளித் தள்ளி உட்கார்ந்து ஜெபம் செய்தார்கள். பாட்டு மெதுவாக, முகமூடிக்குள்ளே. போன் இல்லாதவர்களும் அங்கே வந்தார்கள். என்னைக் கேட்டால் அந்த ஆண்டின் உண்மையான ஆராதனை அதுதான்.

இது நம் மண்ணுக்குப் புதிதா? பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில், 1912இல் பல மிஷன்கள் கூடிக் காசநோய் ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். ஆரோக்கியவரம் என்று பேர் பெற்றது. பிற்காலத்தில், 1950களின் கடைசியில், சென்னையில் நடந்த ஆராய்ச்சி ஒன்று உலகத்துக்கே பாடம் சொன்னது: மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலிருந்தே காசநோய் குணமாகும், அதற்காகச் சானடோரியத்தில் கிடக்க வேண்டியதில்லை என்று. பெரிய கட்டடத்தில் நடந்த காரியம், ஒழுங்கு இருந்தால் சின்ன வீட்டிலும் நடக்கும். வைத்தியத்துக்குச் சொன்னது சபைக்கும் பொருந்தும்.

சாவிலும் தனிமையா?

மனம் கனத்துப் போகிற விஷயம் அடக்கம். 2020 ஏப்ரல் 13 அன்று சென்னையில் இறந்த நெல்லூர் டாக்டரின் உடலைத் தகனம் செய்ய எதிர்ப்பு. ஏப்ரல் 19 அன்று இறந்த சென்னை டாக்டர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்கப் போனவர்களைக் கல்லாலும் கட்டையாலும் அடித்தார்கள். நண்பரான இன்னொரு டாக்டர் இரவில் தம் கையால் மண் தள்ளி மூடினார். டாக்டருக்கே இந்தக் கதி என்றால் வெளியூர்க் கூலிக்காரனுக்கு?

கேரளத்தின் ஆலப்புழை லத்தீன் மறைமாவட்டம் 2020 ஜூலையில் ஒரு வழி கண்டது. இறந்தவரின் உடலைக் கல்லறைத் தோட்டத்திலேயே தகனம் செய்து, சாம்பலை முறைப்படி அடக்கம் செய்யலாம் என்று அறிவித்தது. பழக்கத்தை மாற்றினார்கள், இறந்தவரின் மரியாதையை விடவில்லை. ஏற்பதும் ஏற்காததும் அவரவர் சபையின் விருப்பம். ஆனால் இதையெல்லாம் சாவு வந்த பிறகா யோசிப்பது?

2021 மே 10 இரவு, திருப்பதி ருயா ஆஸ்பத்திரி. தமிழ்நாட்டிலிருந்து வர வேண்டிய ஆக்சிஜன் லாரி தாமதமானது, அழுத்தம் குறைந்தது, 11 பேர் இறந்தார்கள் என்று அரசே சொன்னது. அந்த இரவுக்குப் பிறகு எங்கள் தெருவில் பல நாள் யாரும் உரக்கப் பேசவில்லை. அடக்கத்துக்குப் போக ஆள் இல்லை, பெட்டிக்குக் காசு இல்லை, ஊருக்குச் சொல்லி அனுப்ப நம்பர் இல்லை என்ற நிலையை நான் கண்ணால் கண்டேன்.

என்ன செய்ய வேண்டும்?

2020 ஜூன் 8 முதல் ஆலயங்கள் திறக்கலாம் என்றார்கள். 65 வயதுக்கு மேற்பட்டவரும் 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் வீட்டிலேயே இருக்க வேண்டும், பாடகர் குழு கூடாது என்று விதி போட்டார்கள். இன்று எல்லாம் பழையபடி நடக்கிறது. திண்ணை கழுவியாகிவிட்டது, பந்தல் போட்டு அறுப்பின் பண்டிகை கொண்டாடுகிறோம். ஆனால் பிடி அரிசிப் பானைகள் மட்டும் பரணுக்குப் போய்விட்டன. இதைத்தான் தவறு என்கிறேன்.

சபைகளும் நமது சங்கமும் சேர்ந்து செய்யக்கூடிய காரியங்கள் நாலு.

முதலாவது, தெருவுக்கு ஒரு வீடு. மாதம் ஒரு முறையாவது அங்கே கூடுங்கள். பிடி அரிசி நிற்கக் கூடாது. கணக்கு நோட்டு பெண்கள் கையில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லோர் முன்னாலும் வாசிக்கப்படட்டும்.

இரண்டாவது, ஆள் கணக்கு. யார், எந்த ஊர், எங்கே வேலை, ஊரில் யாருக்குச் சொல்ல வேண்டும், எந்த மாநிலத்து ரேஷன் கார்டு என்று ஒரு பதிவேடு. வெளிமாநிலத் தொழிலாளருக்கென்று 1979இலேயே சட்டம் போட்டார்கள். ஆனால் ஊர் திரும்பும் வழியில் செத்தவர்களின் கணக்கு இல்லை என்று 2020 செப்டம்பரில் மத்திய தொழிலாளர் அமைச்சகம் மக்களவையில் கூசாமல் பதில் சொன்னது. சர்க்கார் எண்ணாதவரை நாம் எண்ணுவோம். எண்ணிய கணக்கை இரண்டு மாநில அதிகாரிகள் முன்னாலும் வைப்போம்.

மூன்றாவது, அடக்க நிதியும் அடக்கத்துக்கு நிற்கும் பத்து இளைஞர்களும். மதம் பார்க்காமல்.

நாலாவது, மொழி. கொள்ளைநோய்க் காலத்தில் ஆஸ்பத்திரியும் முனிசிபாலிடியும் விடும் அறிவிப்பு தமிழிலும் வர வேண்டும் என்று சித்தூர் கலெக்டரிடமும், 2022 ஏப்ரலில் தனி மாவட்டமாகிய திருப்பதியின் கலெக்டரிடமும் மனுக் கொடுப்போம். சபைகளும் தமிழ் ஆராதனையை எந்த நெருக்கடியிலும் விடுவதில்லை என்று எழுத்தில் தீர்மானம் போடட்டும்.

அடுத்த முறை கதவை மூடச் சொன்னால் மறுப்புச் சொல்லாமல் மூடுவோம். பெரியவர்களின் உயிரும் பிள்ளைகளின் உயிரும் பெரிது. ஆனால் சாவியைத் திருப்புவதற்கு முன்னால், ஒவ்வொரு தெருவிலும் அரிசிப் பானை எந்த வீட்டில் இருக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வரும் மாதக் கூட்டத்தில் இதைப் பேசுவோம். தோழர்களே, வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள். 2020இல் வேலை செய்தவர்கள் அவர்கள்தான்.