ஞாயிற்றுக்கிழமை நண்பர்களும் தலைக்கட்டு வரியும்

2023 ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை. புதுக்கோட்டை மாவட்டம் கந்தர்வகோட்டைக்குப் பக்கத்தில் உள்ள தச்சங்குறிச்சியில் அந்த ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு நடந்தது. தமிழ்நாட்டில் ஆண்டின் முதல் வாடிவாசல் பெரும்பாலும் இங்கேதான் திறக்கிறது. அது ஒரு மாதா கோவில் திருவிழாவை ஒட்டி நடப்பது. அலங்காநல்லூரையும் பாலமேட்டையும் மட்டும் டிவியில் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்கலாம், புதுக்கோட்டைக்காரர்களுக்குப் புதிதல்ல. காலையில் பூசை, பிறகு மாடு, மதியம் சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாடு, சாயங்காலம் கூட்டாளிகளோடு ஊர்சுற்றல் என்று ஒரே நாளில் எல்லாம் நடக்கும்.

அதற்குச் சரியாக 13 நாள் முன்னால், 2022 டிசம்பர் 26 அன்று, இதே மாவட்டத்தில் வேங்கைவயல் தலித் மக்களுக்குக் குடிதண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. மறுநாள் அங்கே போன அன்றைய கலெக்டர் கவிதா ராமு விசாரித்தபோது, டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதும், அய்யனார் கோவிலுக்குள் தலித்துகளை விடுவதில்லை என்பதும் வெளியே வந்தன. மலத்தைப் பற்றி விசாரிக்கப் போன இடத்தில் டம்ளர் அகப்பட்டது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை, தலித் இளைஞர்கள் மூன்று பேர் மீதே பாய்ந்தது தனிக் கொடுமை. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

தச்சங்குறிச்சி மீது குற்றம் சுமத்துவதற்காக இந்த இரண்டு நாட்களையும் பக்கத்தில் வைக்கவில்லை. வேங்கைவயல் டீக்கடைக்கும் அந்த வாடிவாசலுக்கும் சம்பந்தம் கிடையாது. கேள்வி வேறு. கல்லூரி மாணவர்கள் கூட்டத்துக்குப் போனால் யாராவது ஒரு தம்பி எழுந்து சொல்வார்: "அண்ணா, எங்க செட்டுல அதெல்லாம் இல்ல. ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஒண்ணாத்தான் கோவிலுக்குப் போறோம், ஒண்ணாத்தான் கிரிக்கெட் ஆடுறோம்." அவர் பொய் சொல்லவில்லை. ஒன்றாக இருப்பதை எந்த இடத்தில் நின்று அளக்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

கிரிக்கெட்டிலிருந்தே தொடங்கலாம். பல்வாங்கர் பாலு என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? சமார் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மைதானத்தைப் பராமரிக்கும் வேலை பார்த்து, அவர்களுக்கு வலைப்பயிற்சியில் பந்து போட்டுப் போட்டே பெரிய பந்துவீச்சாளர் ஆனவர். வெள்ளைக்காரர்களைத் தோற்கடிக்க அவருடைய பந்து வேண்டும் என்பதால் புனேயின் இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. களத்தில் அவர் தொட்ட பந்தைப் பிராமணர்களும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்குப் பெவிலியனுக்கு வெளியே, குடித்துவிட்டுத் தூக்கிப்போடும் மண் குவளையில் டீ. 1911இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணிக்காக 114 விக்கெட் எடுத்தவருக்கு ஊரில் நடந்தது இதுதான்.

இதனால் விளையாட்டு வீண் என்று நான் சொல்லவில்லை. ஆடுங்கள். ஆனால் ஆட்டம் முடிந்ததும் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பதினொரு பேரும் தண்ணீர் குடிக்க யார் வீட்டுக்குப் போகிறீர்கள்? யார் வீட்டுக்கு இத்தனை வருடத்தில் ஒரு முறைகூடப் போனதில்லை? அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது? உங்கள் கூட்டாளியின் அம்மா உங்களை உள்ளே கூப்பிடுகிறாரா, இல்லை திண்ணையோடு பேசி அனுப்புகிறாரா? எந்த நட்புக்கும் இந்தக் கேள்வியைக் கேட்கும் தைரியம் இருக்க வேண்டும்.

இப்போது கோவிலுக்கு வருவோம். பழைய காலத்தில் பிரிவினை கண்ணுக்குத் தெரிந்தது. ஆவூர் மாதா கோவில் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது, மதுரை மிஷனைச் சேர்ந்த சேசு சபைக் குருக்கள் வேர்விட்ட முக்கியமான இடங்களில் ஒன்று. அந்த மிஷனில் மேல்சாதியாரிடம் வேலை செய்ய ஒரு வகைச் சாமியார்களும், மற்ற சாதியாரிடம் வேலை செய்யப் பண்டாரசாமிகள் என்று இன்னொரு வகைச் சாமியார்களும் இருந்தார்கள். சாதியை வெளியே கழற்றி வைக்காமலே உள்ளே வரலாம் என்று அன்றைக்கே வழி காட்டிவிட்டார்கள்.

இன்று பெரும்பாலான இடங்களில் பெஞ்சில் பிரிவினை இல்லை. அதனால்தான் இளைஞர்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றுகிறது. நீங்கள் பெஞ்சைப் பார்க்காதீர்கள், வரி நோட்டைப் பாருங்கள்.

திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்கள். கொடுத்தவர் பெயர் நோட்டில் ஏறும். பெயர் ஏறியவர்தான் திருவிழாவின் பங்காளி. அவருக்குக் கூட்டத்தில் பேச்சு உண்டு, ஒரு நாள் உபயம் உண்டு, தேர் அவர் தெருவுக்கு வந்தாக வேண்டும். ஆகவே, விலக்கி வைக்க நினைப்பவர்கள் கோவில் கதவைச் சாத்துவதில்லை. "உங்ககிட்ட வரி வேணாம்ப்பா, நீங்க சும்மா வந்து சாமி கும்பிட்டுட்டுப் போங்க" என்கிறார்கள். கேட்பதற்குத் தயவு மாதிரி இருக்கும். வரி கொடுக்காதவன் விருந்தாளி. விருந்தாளிக்கு உரிமை ஏது?

இது கற்பனை இல்லை. பக்கத்துத் திருச்சி மாவட்டம் கொட்டப்பாளையம் பங்கைச் சேர்ந்த தலித் கிறித்தவர்கள் இப்படிப்பட்ட குறைகளோடுதான் நீதிமன்றம் ஏறினார்கள். திருவிழா வரி வாங்குவதில்லை, தேர் எங்கள் தெருவுக்கு வருவதில்லை, கல்லறையும் தனி என்பது அவர்கள் புகார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனு நிற்கவில்லை. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. திருச்சி நகரத்திலேயே மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தின் நடுவே, தலித் பிணங்களையும் மற்றவர்கள் பிணங்களையும் பிரித்துச் சுவர் நின்றது. அதை இடிக்க எத்தனையோ போராட்டம் நடந்தது. செத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகப் பூசை பார்த்தவர்கள்தான்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி என்பதை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் தலித் கிறித்தவருக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான். சான்றிதழ் மாறினால் வேலை மட்டும் போவதில்லை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் சேர்ந்து போகிறது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது என்று படியுங்கள். தான் இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். அவர் ஞானஸ்நானம் பெற்றவர், தவறாமல் கோவிலுக்குப் போகிறவர் என்பது அவருக்கு எதிரான சாட்சியம் ஆனது.

கவனியுங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவது, நமக்குச் சாதி இல்லை என்பதற்கு நீதிமன்றத்தில் ஆதாரம். அதே பூசைக்குப் பிறகு நம்மைத் தனிக் கல்லறைக்கு அனுப்புகிறவர்களுக்கு நம் சாதி மறப்பதே இல்லை. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறித்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கேட்டுத் தீர்மானம் போட்டது. ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் போட்ட பாலகிருஷ்ணன் ஆணையத்துக்கோ காலநீட்டிப்பு மேல் காலநீட்டிப்பு.

"அப்ப கோவிலுக்கே போக வேண்டாமா?" என்று கேட்பீர்கள். போங்கள். விட்டுக்கொடுத்துவிட்டு வருவதற்கு அது யார் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை. இந்த ஞாயிறு விடுமுறையே யாரும் தானமாகத் தந்தது இல்லை. ஜோதிராவ் புலேயின் சத்தியசோதக் சமாஜத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகண்டே, பம்பாய் மில் தொழிலாளர்களைத் திரட்டிப் பல வருடம் போராடி 1890 ஜூனில் வாங்கியது. ஜல்லிக்கட்டு முடிந்த மைதானத்தில் அன்று சாயங்காலமே குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளருக்கு அது இன்னும் வரவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

செய்யக்கூடிய வேலை இருக்கிறது. கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொள்கிறது. அதை அச்செடுத்துக்கொண்டு, தனியாகப் போகாமல், ஞாயிறு கிரிக்கெட் ஆடும் அந்தப் பதினொரு பேரையும் கூட்டிக்கொண்டு பங்குச்சாமியிடம் போங்கள். வரி நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். தேர் போகும் பாதையை யார் முடிவு செய்தார்கள் என்று கேளுங்கள். எத்தனை பேர் உங்களோடு வாசல்வரை வருகிறார்கள் என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

கோவில் கணக்குக்கு ஆர்.டி.ஐ. போட முடியாது. ஜல்லிக்கட்டுக்குப் போடலாம். விழாக் குழு கலெக்டரிடம் மனுக் கொடுத்துத்தான் அனுமதி வாங்குகிறது. மனுவில் யார் யார் பெயர் இருக்கிறது என்று 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி கலெக்டர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளில் பதில் தர வேண்டும். பட்டியல் வந்ததும் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கொடுத்து, எந்தப் பெயர் எந்தத் தெரு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த வாடிவாசல் ஜனவரியில், அதனால் நவம்பரிலேயே அனுப்பிவிடுங்கள்.