ஓவியனின் பொய்யும் வியாபாரியின் முத்திரையும்

அட்டைப்படம் பொய் சொல்லலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகச் சொல்லட்டும் என்பேன் நான்.

1977-இல் அமெரிக்காவில் அடாரி கம்பெனி, டெலிவிஷனோடு இணைத்து ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டி ஒன்றை விற்க வந்தது. அதற்கான ‘காம்பாட்’ என்ற ஆட்டத்தின் அட்டையில் கிளிஃப் ஸ்போன் என்ற ஓவியர் டாங்கிகளையும் விமானங்களையும் தத்ரூபமாகத் தீட்டியிருந்தார். திரையிலோ சில கட்டங்கள்தாம் ஊர்ந்தன! மோசடிதான். ஆனால் அதை வாங்கிய பையன் ஐந்தே நிமிஷத்தில் கண்டுகொள்வான். மிச்சத்தை அந்தச் சித்திரத்தை நினைத்துக் கற்பனையால் நிரப்பிக்கொள்வான். கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு அதன்மேல் கோபம் வரவில்லை.

1983-இல் அந்த வியாபாரம் சரிந்தது. 1985-இல் அங்கே நுழைந்த ஜப்பானிய நிண்டெண்டோ, திரையில் தெரியும் புள்ளிச் சித்திரத்தையே பெரிதாக்கி அட்டையில் போட்டது. ‘என்ன நேர்மை!’ என்று மெச்சுகிறார்கள். கூடவே அச்சிட்ட ‘தர முத்திரை’யை ஏன் பார்க்கவில்லை, ஐயா?

அந்த முத்திரைக்கு அர்த்தம், கம்பெனி சம்மதித்த சரக்கு என்பதுதான். சம்மதம் பெறாததைத் தடுக்கப் பெட்டிக்குள்ளேயே ஒரு சில்லைக் காவல் வைத்திருந்தார்கள். ஆட்டம் ருசிக்குமா என்பதற்கு முத்திரை ஜவாப்தாரியல்ல. அசட்டு ஆட்டங்களும் அதை நெற்றியில் தரித்துத்தான் வந்தன.

ஓவியனின் பொய்யைக் குழந்தை பிடித்துவிடும். முத்திரையின் பொய்யை யார் பிடிப்பது? 2003-இல் அமெரிக்க முத்திரையிலிருந்து ‘தரம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். முத்திரையை மட்டும் எடுக்கவில்லை.