ஊரிகத்தில் நடந்த ஆய்வுகளும் நடக்காத ஆய்வும்

திறன் மேம்பாடு குறித்த கருத்தரங்குகளில் ஓயாமல் ஒலிக்கும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு: இளைஞர்களிடம் வேலைக்குரிய திறன் இல்லையாம். கோலார் தங்கவயலைப் பற்றி இவ்வாறு பேசுவோர் ஒருநாள் விடியற்காலையில் ஊரிகம் ரயில் நிலையத்தில் நின்று பார்க்கட்டும். மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் வண்டிகளில் ஏறி ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். இருட்டிய பின்பே வீடு திரும்புகின்றனர். திறனற்றவர்களை எந்த நகரமும் நாள்தோறும் வரவழைப்பதில்லை. அவர்களிடம் இருக்கும் திறன் யாது, அதற்கு ஏன் இத்தனை குறைந்த விலை என்பதே ஆய்வு கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

ஆய்வுக்குப் பஞ்சப்பட்ட மண்ணன்று இது. 1965-இல் இங்கு, தரைக்கு அடியில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, வளிமண்டல நியூட்ரினோவின் தடயம் பதிவாயிற்று. உலக இயற்பியல் தங்கவயலைத் திரும்பிப் பார்த்தது. பாறை வெடிப்பை ஆராய்ந்த அனுபவத்தின் மேல் 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இங்கேயே தோன்றியது. பின்னர் அதன் தலைமையகம் பெங்களூருக்குப் போயிற்று. 1940-களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைப் பரிசோதித்த மருத்துவர்கள் ஐந்தில் இருவருக்கு மேல் சிலிக்கோசிஸ் கண்டனர். அந்த ஆய்வு ஒன்றேனும் இழப்பீட்டுக்கு வழிவகுத்தது என்பதை மறுக்கலாகாது. ஆயினும் அதிலும் தொழிலாளி ஒரு நுரையீரலாகவே எண்ணப்பட்டார். மற்றவற்றில் அவர் ஆழத்துக்குப் பாதை அமைத்தவர், அவ்வளவே. அவருக்கு என்ன தெரியும் என்று கேட்பது ஆய்வுப் பொருளாகத் தோன்றவில்லை.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினர். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் மரம் முட்டுக்கொடுத்துக் கூரையைத் தாங்கச் செய்தவர்கள், பாறையின் ஓசை கேட்டே ஆபத்தை உணர்ந்தவர்கள், ஆட்களை ஏற்றிய கூண்டை ஷாஃப்டில் இறக்கி ஏற்றிய இன்ஜின் ஓட்டுநர்கள், வெடி வைத்தவர்கள். சிலரிடம் சுரங்கச் சட்டத்தின்படி பெற்ற சான்றிதழ் இருந்தது. அது சுரங்கத்துக்கு வெளியே செல்லாக் காசு. பெரும்பாலோரிடம் அதுவும் இல்லை. ஒருவர் வேலையிலேயே கற்றுக்கொண்டதை மதிப்பிட்டுச் சான்றளிக்க இடம் தந்த தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டது 2013-இல். பன்னிரண்டு ஆண்டுகள் தாமதம். அதற்குள் அவர்களுள் பலர் காவலாளிகளாகவும் கட்டடக் கூலிகளாகவும் ஆகியிருந்தனர்.

சுரங்கத் தொழில் வெளியில் எதற்கும் உதவாது என்பது வழக்கமான மறுமொழி. சுரங்கம் மூடிப் பத்தாண்டு கடந்தபோது, நூறு கிலோமீட்டர் தொலைவில் பெங்களூரின் அடியில் மெட்ரோவுக்காகச் சுரங்கப்பாதை குடையப்பட்டுக்கொண்டிருந்தது. குடையும் எந்திரம் வேறு, பொன் பாறையில் துளையிடுவது வேறு என்பது உண்மைதான். ஆனால் எது பொருந்தும், எது பொருந்தாது, இடைவெளியை நிரப்ப எத்தனை மாதப் பயிற்சி போதும் என்பதை அளந்து சொல்லத்தானே ஆய்வு? அளக்காமலே உதவாது என்று தீர்ப்பளிப்பது சோம்பலே ஒழிய அறிவியலன்று.

இதில் சாதியைப் பேசாமல் நகர்பவர்கள் பாதியையே பேசுகின்றனர். ஆழத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட தமிழர். மேலே வரைபடம் வைத்திருந்தவரின் அறிவு பொறியியல் எனப்பட்டது. கீழே கையால் பாறையைத் தொட்டவரின் அறிவு உழைப்பு எனப்பட்டது. அவருடைய பேரப்பிள்ளை, வீட்டில் தமிழும் அலுவலகங்களில் கன்னடமும் நேர்காணலில் ஆங்கிலமுமாக அலைக்கழியும்போது, 'மென்திறன் குறைபாடு' என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகின்றனர். மூன்று மொழிகளுக்கிடையே வாழ்ந்து வேலை தேடுவது எந்தப் படிவத்தில் திறனாகக் குறிக்கப்படுகிறது?

பயிற்சித் திட்டங்களை மதிப்பிட, எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேருக்குச் சான்றிதழ் தரப்பட்டது என்ற எண்கள் போதா. பயிற்சி பெற்றவரை ஐந்தாண்டு பின்தொடர வேண்டும்: எங்கே வேலை, என்ன ஊதியம், பயணத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த மாதம் வேலையை விட்டார், ஏன் விட்டார். விட்டவரின் விடையே பாடத்திட்டத்தைத் திருத்தும். நிலைத்தவரின் விடை விளம்பரத்துக்குத்தான் பயன்படும். இங்கேயே இயங்கும் பி.இ.எம்.எல். ஆலையும் ஊரிகத்துப் பொறியியல் கல்லூரியும் இத்தகைய ஆய்வுக்குக் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன.

2001-இல் நாற்பது வயதாக இருந்த தொழிலாளி இன்று அறுபதைக் கடந்துவிட்டார். பலரின் நுரையீரலில் தூசு இருக்கிறது. அவருக்குத் தெரிந்ததைப் பதிவுசெய்யும் வேலையை இனியும் ஒத்திவைக்க இயலாது.